ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம்

கவரைப்பேட்டையில் மின்வண்டி ஏறிச் சென்னைக்குச் செல்வோர் இறங்குமிடம் மூர் மார்க்கெட் நிலையமாகும். 1900-இல் திறக்கப்பெற்று, பழம் புத்தகங்களுக்குப் பேர்பெற்று விளங்கிய மூர் மார்க்கெட் அங்காடி 1985-இல் தீக்கிரையாயிற்று. அது நின்ற இடத்தில் எழுந்த கட்டிடத்தின் ஓரமாகவே நாம் நாள்தோறும் கல்லூரிக்கு நடக்கிறோம். பழம் புத்தகம் வேண்டின் மூர் மார்க்கெட்டுக்கும், புதுப் புத்தகம் வேண்டின் ஹிக்கின்பாதம் கடைக்கும் போவதே தம் காலத்து வழக்கம் என்று நம் பாட்டனார் கூறக் கேட்டிருக்கிறோம். அவ்விரண்டனுள் முன்னது அழிந்தது. பின்னது தேய்ந்தும் மறையாது நிற்கின்றது. ஹிக்கின்பாதம் என்னும் பெயரைத் தென்னாட்டில் அறியாதார் அரியர். ஆயினும் அப்பெயர் ஒரு மனிதருடையது என்பதை எண்ணிப்பார்ப்பார் மிகச் சிலரே. அம்மனிதரது வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் சென்னை வந்து சேர்ந்த விதமே ஒரு கதை போல்வது. பயணக் கட்டணம் செலுத்தாது கப்பலில் ஒளிந்து வந்த ஆங்கிலேய இளைஞர் அவர் என்றும், மறைவு வெளிப்பட்டவுடன் கப்பற்றலைவன் அவரைச் சென்னைக் கரையில் இறக்கிவிட்டுச் சென்றான் என்றும் வழிவழியாகக் கூறுவர். இதனை மெய்ப்பிக்கும் சான்று நாம் கண்டதில்லையாயினும், நம்பத்தகாதது என்று தள்ளவும் மனம் வரவில்லை. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலின்கண் தொலைவிலே நங்கூரமிட்டு நிற்கும். வருவோர் மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளில் மோதுண்டு, உடை நனைந்து கரையேறுவர். கவர்னருக்கும் அதே அலைதான், கையிற் காசில்லாதவனுக்கும் அதே அலைதான். ஆனால் கவர்னரை வரவேற்கக் கரையில் ஆள் நிற்கும். இவ்விளைஞரை வரவேற்க எவர் நின்றிருப்பார்?

அவருக்கு அடைக்கலமாக வாய்த்தது வெஸ்லியன் மிஷனார் நடத்திய புத்தகசாலை. அங்கே அவர் நூல்களைப் பேணும் உத்தியோகத்தில் அமர்ந்தார். புத்தகசாலையோ நஷ்டத்தில் நடந்துகொண்டிருந்தது. இறுதியில் மிஷனார் அதனை விற்றுவிடத் துணிந்து குறைந்த விலை கூறினர். வாங்கியவர் வேறெவரும் அல்லர்; அவர்களிடம் ஊழியம் செய்துவந்த ஹிக்கின்பாதமே. 1844-ஆம் ஆண்டு முதல் கடை அவர் பெயரால் வழங்கலாயிற்று.

மிஷன் கல்லூரியில் பயிலும் நமக்கு இச்செய்தி சிறிது உறுத்தலாகவே இருக்கின்றது. மிஷனார் கையில் தளர்ந்த கடை ஒரு தனி மனிதர் கையில் தழைத்ததற்குக் காரணம் யாது? மிஷனார் சோம்பர் அல்லர். நூலருமை அறியாதவரும் அல்லர். நாம் கருதுவது இதுவே: அவர்கள் மக்கள் எந்நூலைப் படித்தால் நன்று என்று நினைத்துக் கடையை நிரப்பினர், ஹிக்கின்பாதமோ கடைக்குள் நுழைபவன் எந்நூலைத் தேடி வந்தான் என்று நினைத்து நிரப்பினார். முன்னது போதகருடைய நோக்கு. பின்னது வணிகருடைய நோக்கு. இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வழக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. மிஷனார் பயிற்றிய கைகளே அக்கடையைக் காத்தன என்பதை மட்டும் மறத்தல் கூடாது.

காலமும் அவருக்குத் துணைநின்றது. 1835-க்குப் பின் ஆங்கிலக் கல்வி அரசினரின் ஆதரவைப் பெற்றது. 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டே கம்பெனி ஆட்சி நீங்கி ராணியின் ஆட்சி வந்தது. நீதிமன்றங்களுக்குச் சட்ட நூல்கள் வேண்டும். பரீட்சை எழுதும் மாணவருக்குப் பாட நூல்கள் வேண்டும். வெப்பத்தால் வாடிய துரைமார்க்கும் துரைசானிமார்க்கும் நாவல்கள் வேண்டும். இவை யாவும் கப்பலில் வந்திறங்கி மவுண்டு ரோட்டிலே விற்கப்பட்டன. 1859-இல் வெளிவந்த மர்ரேயின் வழிகாட்டி நூல் சென்னைப் புத்தகக் கடைகளுள் இதனையே முதன்மையாகக் குறித்தது. 1875-இல், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு எழுந்தருளியபோது, அவருக்குரிய அதிகாரபூர்வமான புத்தக வியாபாரி என்னும் சிறப்பும் ஹிக்கின்பாதத்துக்குக் கிட்டியது.

விற்றதோடு அவர் அமையவில்லை. நூல்களை வெளியிடவும் செய்தார். மைசூர் வரலாற்றை விரித்துரைக்கும் வில்க்ஸ் என்பாரது பெருநூலின் மறுபதிப்பு 1869-இல் இக்கடையின் பெயரால் வந்தது. வைவர்ன் என்னும் புனைபெயரில் எழுதிய ராணுவ அதிகாரியொருவரின் சென்னைச் சமையற் குறிப்புகள் 1878-இல் வெளிவந்தன. படையை நடத்த வேண்டியவர் பாகம் நடத்தினார் என்று நகைக்க வேண்டா. அக்காலத்துச் சென்னை வெள்ளையர் உண்டதும் பருகியதும் யாவை என்றறிய இன்றும் அந்நூலையே நாடுகின்றனர். தமிழ் பயிலும் நமக்கு இவற்றினும் நெருங்கியது 1871-இல் இக்கடை வெளியிட்ட சார்லஸ் கோவரின் தென்னிந்திய நாட்டுப் பாடல் தொகுதி. தமிழ், கன்னடம், தெலுங்கு முதலிய மொழிகளின் பாடல்களை அவர் ஆங்கிலமாக்கித் தந்தார். நம் பண்டிதர்கள் நாட்டுப் பாடல்களை ஏட்டில் ஏற்றத் தயங்கிய அக்காலத்தே, கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டவர் என்று பேசப்படும் ஒருவரது கடை அவற்றை அச்சிட்டு விற்றது வியப்பன்றோ!

1888, 1889 ஆகிய ஆண்டுகளில் ஹிக்கின்பாதம் சென்னை நகர ஷெரீப்பாக நியமிக்கப்பெற்றார். நகரப் பிரமுகர்க்கு அரசினர் அளித்த கௌரவப் பதவி அது. கரையிலே கேட்பாரற்று நின்றார் என்று கதையிற் சொல்லப்படுபவர் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடை நடத்தி, அதே நகரின் பெருமக்களுள் ஒருவரானார். 1891-இல் அவர் காலமானார்.

அவர் கண்டது ஒரு கடையை. அதனைக் கிளைவிட்ட மரமாக்கியவர் அவர் மைந்தர் சி. எச். ஹிக்கின்பாதம். வடநாட்டு ரயில் நிலையங்களில் அலகாபாத்து வீலர் கம்பெனியார் 1877 முதல் புத்தகம் விற்று வந்தனர். கிப்ளிங்கின் முதற்கதைகள் சில அவர்கள் வெளியிட்ட ரயில்வே வரிசையிலேதான் பரவின. தென்னாட்டு நிலையங்களில் அவ்விடத்தைப் பிடித்தது ஹிக்கின்பாதம். பெரிய சந்திப்புகளில் இறங்கியவர் எவரும் அப்பெயர் தாங்கிய மரக்கடையைக் காணாது செல்லவியலாது என்னும் நிலை வந்தது. 1904-இல் மவுண்டு ரோட்டில் உயர்ந்த கூரையும், வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும், கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கத் தளமும் கொண்ட வெண்ணிற மாளிகை எழுந்தது. மறு ஆண்டு பெங்களூரிலும் கிளை திறக்கப்பட்டது. 1896-இல் திறந்த கன்னிமரா நூல்நிலையத்துக்குப் பல்லாண்டுகள் நூல் அளித்தவரும் இவர்களே. 1929-இல் நானூற்றுக்கு மேற்பட்டோர் இக்கம்பெனியில் ஊழியம் செய்தனர். ஒரு புத்தகக் கடையால் நானூறு அடுப்புகள் எரிந்தன என்பதை நினைக்குந்தொறும் நமக்கு மலைப்பாகவே இருக்கின்றது.

இதற்கு முன்பே கடை குடும்பத்தின் கையை விட்டு நீங்கியிருந்தது. ஸ்பென்ஸர் கம்பெனியைச் சார்ந்த ஜான் ஓக்ஷாட் ராபின்ஸன் 1920-களில் இதனை வாங்கி, தம் அச்சகத்தோடும் மெயில் பத்திரிகையோடும் ஒருங்கிணைத்தார். 1945-இல் எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் ஏற்றது. இவற்றை விரித்தல் வேண்டா. தேய்வு வந்தது உடைமை மாறியதால் அன்று. மக்கள் படிக்கும் இடமும் பொழுதும் மாறியதால் என்பதே நம் கருத்து. 1987-இல் நுங்கம்பாக்கத்தில் லேண்ட்மார்க் என்னும் பெருங்கடை தோன்றியது. நூலோடு இசைத்தட்டும் பரிசுப்பொருளும் விற்று, இளைஞரை அது ஈர்த்தது. அக்கடையும் பின்னர் மூடப்பட்டது வேறு கதை.

ரயில் நிலையக் கடைகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. வார இதழ்களும் மலிவுப் பதிப்புகளுமே அவற்றின் உயிர். பிரயாணியின் ஓய்வுப் பொழுதைக் கைப்பேசி விழுங்கிய பின்னர் இதழ்களின் விற்பனை சுருங்கியது. நூல்கள் நின்ற தட்டுகளில் தண்ணீர்ப் புட்டியும் பிஸ்கட்டும் குடியேறின. நம் பாட்டனார் சென்னை சென்று மீளும்போதெல்லாம் சென்ட்ரல் நிலையக் கடையில் ஓர் இதழ் வாங்கி, கவரைப்பேட்டை வருமுன் பாதியைப் படித்து முடித்துவிடுவார், மறுபாதி பாட்டிக்கு. அவ்வாறு வாங்கியவற்றைக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறார்; கரையான் அரித்தவை போக எஞ்சியவற்றை நாம் விடுமுறையில் படித்ததுண்டு. புத்தகத்தின்மேல் நமக்கு ஆசை பிறந்தது அப்பரணிலேதான்.

சென்ற மாதம் நண்பர் இருவரோடு அண்ணா சாலைக் கடைக்குப் போயிருந்தோம். பிற்பகல் வேளை, எங்களையன்றி நான்கைந்து பேரே இருந்தனர். வண்ணக் கண்ணாடியூடே வந்த ஒளி சதுரங்கத் தளத்தின்மேல் விழுந்து கிடந்தது. நண்பரொருவர் பெயர்ப்பலகையை நிமிர்ந்து நோக்கி, இவர் வெள்ளைக்காரப் பிரபுவோ என்று வினவினார். மசூலாப் படகிலிருந்து தொடங்கி, நாம் அறிந்ததனைத்தையும் படிக்கட்டருகே நின்றபடியே சொன்னோம். தமிழ் நூற்பகுதியில் ஆளுக்கொரு நூல் வாங்கினோம். கணக்கர் பழைய வழக்கப்படியே நிதானமாகச் சீட்டெழுதிக் கொடுத்தார். மாலை வண்டியில் இருக்கை கிடைக்கவில்லை. கம்பியைப் பற்றி நின்றவாறே படித்தோம். பொன்னேரி கடந்தபோது இருபது பக்கம் முடிந்திருந்தது.