மலைநாட்டில் அடைக்கலம் பெற்றவர்

நமது மலைநாடு முன்பு கண்டி இராச்சியத்தைச் சேர்ந்தது. அங்கு அடைக்கலம் பெற்ற யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வை நான் விரும்பிப் படித்தேன்.

அவர் 1651 இல் கோவாவில் பிறந்தார். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் புரொட்டஸ்தாந்து சமயத்தினர். போர்த்துக்கேயர் பரப்பிய கத்தோலிக்கத்தை அவர்கள் தடைசெய்து, குருமாரை வெளியேற்றினர். ஆள்வோர் மாறியதும் மக்களின் வழிபாடும் மாறவேண்டியதாயிற்று. 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த அடிகளார், மறைவாக வழிபாடு நடத்தினார். தமிழும் சிங்களமும் கற்றார்.

1692 இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையிடப்பட்டார். பின்னர் பௌத்தரான இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரைச் சுதந்திரமாகப் பணியாற்றவிட்டார். 1697 இல் அம்மை நோய் பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டபோது, அடிகளார் சமயம் பாராது அவர்களைப் பராமரித்தார். அடுத்து வந்த நரேந்திரசிங்க மன்னரும் அவரை ஆதரித்தார். 1711 இல் கண்டியிலேயே காலமானார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1626 இல் போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களுக்கும் கண்டி மன்னர் செனரத்தே இடமளித்தார். ஆகவே, சகோதரிகளே, இதைப் பிறர் கதையென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வேற்றுச் சமயத்தவருக்கும் இடமளிப்பதே நல்லாட்சி என்பதை இதிலிருந்து கற்றேன்.