தூக்கம் வராத ஓர் இரவு

விளையாட்டுப் போட்டிகள் நெருங்கிவிட்டால் நம் பிள்ளைகள் சிலருக்கு ஒரு விசித்திர நோய் வந்துவிடும். பயிற்சியில் மான்போல ஓடுகிறவள், மதுரைக்குப் புறப்படும் நாளன்று காலையில் இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். வயிற்றைப் பிசைகிறதாம். கையைத் தொட்டால் சில்லென்றிருக்கும். தோழியர் அவளைக் கோழை என்று கேலி செய்வார்கள். அவர்கள் சொல்வது சரியன்று. உலகமே ஹாக்கி மந்திரவாதி என்று கொண்டாடிய ஒருவரும் ஒரு பெரும் போட்டிக்கு முன்னர் இரவெல்லாம் உறங்காமல் கிடந்திருக்கிறார். அவர்தாம் மேஜர் தியான் சந்த். அவருடைய வாழ்க்கையை நம் மாணவிகள் தெரிந்துகொள்வது நல்லது.

1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அலகாபாத்தில் அவர் பிறந்தார். தந்தை சமேஷ்வர் சிங் இராணுவத்தில் பணியாற்றியவர். அடிக்கடி ஊர் மாற வேண்டியிருந்ததால் பிள்ளைகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பின்னர் குடும்பம் ஜான்சியில் நிலைபெற்றது. சிறுவயதில் அவருக்குப் பிடித்தது மல்யுத்தம். ஹாக்கியில் சொல்லும்படியான ஆர்வம் இருக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதில் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்த பிறகே மட்டையை உண்மையாகக் கையில் எடுத்தார். சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் அவருக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பகலெல்லாம் படைவேலை இருந்ததால் நிலவொளியில் பந்தைத் தட்டிப் பழகினார் என்றும், அதனாலேயே சந்திரனைக் குறிக்கும் சந்த் என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது என்றும் சொல்வார்கள்.

ஜீலம் நகரில் நடந்த படைப்பிரிவுப் போட்டி ஒன்றில் அவருடைய அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. மிச்சமிருந்தது நான்கே நிமிடம். மேலதிகாரி வெளியிலிருந்து அவரைக் கூவி அழைத்து ஏதாவது செய்யும்படி வேண்டினார். அந்த நான்கு நிமிடத்தில் தியான் சந்த் மூன்று கோல் போட்டார். நேரம் குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலோர்க்குக் கை பதறும். அவருக்கோ பந்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை போலும்.

1926இல் நியூசிலாந்து சென்ற படை அணியில் இடம்பெற்றார். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாக ஹாக்கித் தங்கம் வென்றது. அந்த ஐந்து ஆட்டங்களில் நம்மவர் போட்டவை 29 கோல்கள். வாங்கியது ஒன்றுகூட இல்லை. அவற்றில் 14 தியான் சந்தினுடையவை. இறுதியாட்டத்தன்று அணியில் பலர் நோயுற்றிருந்தார்கள், அவருக்கும் உடம்பு சரியில்லை. இருந்தும் ஹாலந்தை 3-0 என்று வென்றார்கள். 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவை 24-1 என்று தோற்கடித்த கதையை எல்லோரும் அறிவார்கள். அங்கே அவருடைய தம்பி ரூப் சிங்கும் உடன் ஆடினார்.

நான் சொல்ல வந்தது 1936ஆம் ஆண்டின் கதையை. பெர்லின் ஒலிம்பிக்குக்கு அவரே தலைவர். அதற்கு முந்திய ஆண்டு நியூசிலாந்துப் பயணத்தில் அவருடன் ஆடிய நம் சென்னை எம். ஜே. கோபாலனும் அந்த அணியில் இருந்திருக்க வேண்டியவர். ஆனால் அதே கோடையில் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அவருக்கு ஒரு டெஸ்ட் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஒலிம்பிக் தங்கமும் கைநழுவிப் போயிற்று. இரு ஆட்டத்திலும் கெட்டிக்காரராயிருப்பதிலும் இப்படி ஒரு சங்கடம் உண்டு!

கப்பலில் மார்சேல்ஸ் வரை சென்று, அங்கிருந்து ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு ஜூலை 13ஆம் நாள் பெர்லின் சேர்ந்தார்கள். நான்கே நாளில் ஜெர்மானியருடன் ஒரு பயிற்சி ஆட்டம். அதில் 4-1 என்று இந்தியா தோற்றது. இரு முறை உலகை வென்ற அணி! அன்றிரவு தமக்கு உறக்கமே வரவில்லை என்று தியான் சந்த் பின்னாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தம் தலைமையில் இந்தியா பட்டத்தை இழந்துவிடுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது.

அவர் அந்த அச்சத்தை என்ன செய்தார் என்று பாருங்கள். தோல்வியைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. பயண அலுப்பைக் காரணம் காட்டிச் சும்மா இருக்கவுமில்லை. முன்வரிசையில் ஓர் ஓட்டை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. தாரா என்னும் ஆட்டக்காரர் விமானத்தில் வரவழைக்கப்பட்டு, அரையிறுதி ஆட்டத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். இடையில் ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான் மூன்றும் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றன. பிரான்ஸை 10-0 என்று வென்றாயிற்று. ஆனாலும் இறுதியில் எதிரே நின்றது அதே ஜெர்மனி.

ஆகஸ்ட் 14 அன்று பெருமழை. ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. பதற்றத்தோடிருப்பவர்க்குக் காத்திருத்தலைப்போலக் கொடுமை வேறில்லை. 15ஆம் நாள் காலை, உடைமாற்றும் அறையில் ஆட்டக்காரர்கள் பேச்சின்றி இருந்தார்கள். அணியுடன் வந்திருந்த பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து அவர்கள் முன் விரித்தார். நாடு அடிமைப்பட்டிருந்த காலம் அது; வெளியே அந்தக் கொடியை ஏற்ற முடியாது. எல்லோரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்துக்கு நடந்தார்கள். தான் தோற்றால் என்னாகும் என்ற கவலை நெஞ்சை அடைத்திருக்கும்போது, தன்னைவிடப் பெரிய ஒன்றை நினைத்தால் அது சற்று விலகி நிற்கிறது என்பது என் எண்ணம்.

தரை ஈரமாயிருந்தது. முதற்பாதியில் ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது. இடைவேளைக்குப் பிறகு தியான் சந்த் காலணியையும் காலுறையையும் கழற்றியெறிந்துவிட்டு ஆடினார். வழுக்கலில் கால் ஊன்றவில்லையென்றால் காலணியை மாற்று, இல்லாவிட்டால் கழற்று. அதைப் பற்றிப் புலம்புவதில் பயனில்லை என்று நினைத்திருப்பார். ஜெர்மானியக் கோல் காப்பாளருடன் மோதியதில் அவருக்கு ஒரு பல்லும் போயிற்று. கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். முடிவு 8-1. அந்த ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியா வாங்கிய ஒரே கோல் அது. ஹிட்லர் அவரைத் தம் படையில் சேர அழைத்தார் என்றொரு கதை உலவுகிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது இல்லாமலே இந்த வரலாறு போதுமானது.

இவ்வளவு கோல் போட்டவர், தாம் ஆடியவற்றுள் மிகச் சிறந்தது எது என்பதற்கு 1933ஆம் ஆண்டு பெய்டன் கோப்பை இறுதியாட்டத்தையே குறிப்பிட்டார். அதில் ஜான்சி ஹீரோஸ் அணி கல்கத்தா கஸ்டம்ஸை 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் இஸ்மாயில். நீளமாகப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவர் தியான் சந்த். ஓட்டப் போட்டியில் முதலாவதாக வராத தங்கைகள் இதைக் கவனிப்பார்களாக.

1952இல் அவருடைய சுயசரிதை கோல் என்னும் பெயரில் வெளிவந்தது. அதை வெளியிட்டது நம் சென்னையின் ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் பத்திரிகைதான். 1956இல் மேஜராக ஓய்வுபெற்றார். அதே ஆண்டில் பத்ம பூஷண் விருதும் வந்தது. பாட்டியாலா விளையாட்டுக் கல்விக் கழகத்தில் சில காலம் பயிற்சியளித்தார். மகன் அசோக் குமார் 1975இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானுக்கு எதிரான உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டதைக் காண அவர் இருந்தார். அவருடைய பிறந்த நாளே நாம் கொண்டாடும் தேசிய விளையாட்டு நாள்.

கடைசி நாட்களில் வறுமையும் நோயும் அவரை வருத்தின. 1979 டிசம்பர் 3ஆம் நாள் டெல்லி மருத்துவமனையில் காலமானார். உடலை ஜான்சிக்குக் கொண்டு சென்று, அவர் ஆடிய ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே எரியூட்டினார்கள்.