சர்க்கார் மீது வழக்குப் போட்ட சேலம் வக்கீல்

நகரசபை உறுப்பினர் ஒருவரை சர்க்கார் பதவியில் இருந்து நீக்கியது. அவர் வாய்மூடி வீட்டுக்குப் போய்விடவில்லை. சர்க்கார் மீதே வழக்குப் போட்டார். வெற்றியும் பெற்றார்!

இது நடந்தது இன்று நேற்று அல்ல, 1880-களில். வெள்ளைக்காரர் ஆட்சி அசைக்க முடியாமல் இருந்த காலம். நடந்த இடம் சேலம். வழக்குப் போட்டவர் சேலம் விஜயராகவாச்சாரியார்.

ஆத்தூர் அன்றும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. கொலை, கொள்ளை என்று பெரிய வழக்கு வந்தால் ஆத்தூர்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சேலத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் சேலம் கோர்ட்டில் பேர் எடுத்த வக்கீல் அவர்.

ஆசிரியர் வக்கீல் ஆனார்

விஜயராகவாச்சாரியார் சேலத்தில் பிறந்தவர் அல்ல. செங்கற்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில், 1852-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ந் தேதி பிறந்தார். தகப்பனார் வைணவ புரோகிதர். பையன் முதலில் படித்தது சமஸ்கிருதம். ஆங்கிலப் படிப்பு பிறகுதான் வந்தது. 1875-ல் சென்னை மாகாணக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சர்க்கார் கல்லூரியில் ஆசிரியர் வேலையும் கிடைத்தது. மங்களூருக்கு மாற்றினார்கள். அந்த வேலையை அவர் உதறிவிட்டார்.

பிறகு சேலம் வந்து கல்லூரி ஆசிரியர் ஆனார். பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, தானாகவே சட்டப் புத்தகங்களைப் படித்தார். 1881-ல் வக்கீல் தொழிலுக்குத் தேறினார். அடுத்த ஆண்டிலேயே சேலம் நகரசபையில் உறுப்பினர் ஆகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 30.

அந்தக் காலத்து நகரசபையை இன்றைய நகரசபைபோல நினைத்துவிடக்கூடாது. 18 வயது வந்தால் ஓட்டு என்பது கிடையாது. வரி கட்டும் சிலருக்குத்தான் பேச்சு. கூலிக்காரருக்கு ஓட்டு இல்லை. சபை நடவடிக்கையில் ஜில்லா கலெக்டரின் கை ஓங்கி இருக்கும். கவர்னருக்குப் பிடிக்காவிட்டால் உறுப்பினரை நீக்கவும் சட்டத்தில் வழி இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1882-ல்தான் வைசிராய் ரிப்பன் பிரபு, ஊர்க் காரியங்களை ஊராரே பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானம் வெளியிட்டார். ஸ்தல சுய ஆட்சிக்கு அதுதான் அஸ்திவாரம் என்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த ஆண்டில் சேலத்தில் என்ன நடந்தது?

கலகம் மூண்டது

செவ்வாய்ப்பேட்டையில் சாமி ஊர்வலம் போகும் வழியில் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. இதையொட்டி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தகராறு வளர்ந்தது. 1882 ஆகஸ்டு மாதம் அது பெரும் கலகமாக வெடித்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. உயிர்கள் போயின. அண்டை வீட்டில் பழகியவர்கள் பகைவர் ஆனார்கள்.

கலகத்தைத் தூண்டியவர்களில் விஜயராகவாச்சாரியாரும் ஒருவர் என்று சர்க்கார் குற்றம் சாட்டியது. கைது, விசாரணை எல்லாம் நடந்தன. அவருக்கு 10 ஆண்டு தீவாந்தர சிட்சை விதித்தது கோர்ட்டு. தீவாந்தர சிட்சை என்றால், கடல் கடந்து அந்தமான் தீவுக்கு அனுப்புவது. 

அவர் சென்னை ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார். ஐகோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

தலை தப்பியது போதும் என்று வேறு ஒருவராக இருந்தால் ஒதுங்கி இருப்பார். இவர் ஒதுங்கவில்லை. கலக வழக்கில் தண்டனை பெற்று அந்தமானில் இருந்த மற்றவர்களுக்காகவும் பாடுபட்டார்.

போன நாற்காலி

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. கலகத்தைக் காரணம் காட்டி, நகரசபை உறுப்பினர் பதவியில் இருந்து கவர்னர் அவரை நீக்கி இருந்தார். அப்போது கவர்னராக இருந்தவர் கிராண்ட் டப்.

நடத்தை சரியில்லாத உறுப்பினரை கவர்னர் நீக்கலாம் என்று சட்டம் சொன்னது உண்மை. ஆனால் ஒருவரை நீக்குவதற்கு முன்பு, உன் மீது இன்ன புகார் வந்திருக்கிறது, உன் பதில் என்ன என்று கேட்க வேண்டாமா? விஜயராகவாச்சாரியாரை யாரும் கேட்கவில்லை. உத்தரவு வந்தது, நாற்காலி போயிற்று, அவ்வளவுதான்.

அவர் வழக்குத் தொடுத்தார். யார் மீது? லண்டனில் இருந்த இந்தியா மந்திரி மீது! சட்டப்படி, இந்திய சர்க்கார் செய்த காரியங்களுக்கு அவர் பெயரில்தான் வழக்குப் போட வேண்டும். சேலம் நகரசபையின் ஒரு நாற்காலிக்காக, கடலுக்கு அப்பால் இருந்த மந்திரி சென்னை ஐகோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

1884-ல் ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. விளக்கம் கேட்காமல் நீக்கியது தவறு என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அவருக்கு 100 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவு ஆயிற்று.

அன்று 100 ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனாலும் ஐகோர்ட்டு வரைக்கும் போய் வந்த செலவுக்கு அது காணாது என்பது வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும். பணத்துக்கு ஆசைப்பட்டு அவர் கோர்ட்டு ஏறவில்லை. சர்க்காரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று தீர்ப்பு எழுத வைத்தாரே, அதுதான் அவர் வாங்கிய நஷ்டஈடு.

நாகபுரி வரை

வழக்கு அவரை நாடறியச் செய்தது. 1885-ல் காங்கிரஸ் பிறந்தபோதே அவர் அதில் இருந்தார். காங்கிரசை ஆரம்பித்த ஹியூம் அவருக்கு நெருங்கிய நண்பர்.

1892-ல் புதுச் சட்டம் வந்தது. நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் பெயர் சொன்னால், அவர் சென்னை சட்டசபைக்குப் போகலாம். 1895-ல் அந்த வழியாக விஜயராகவாச்சாரியார் சட்டசபைக்குள் நுழைந்தார். நகரசபையை விட்டு வெளியே தள்ளப்பட்டவர், சட்டசபையில் 6 ஆண்டுகள் சர்க்காரைக் கேள்வி கேட்டார்! பிறகு டில்லி சட்டசபையிலும் 1913 முதல் 1916 வரை இருந்தார்.

பெண் வயதுக்கு வந்த பிறகே கல்யாணம் செய்ய வேண்டும், தகப்பன் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரசுக்கு அவர் தலைவர். ஒத்துழையாமை இயக்கத்துக்கு ஒப்புதல் தந்த மாநாடு அது. ஆயிரக்கணக்கான பிரதிநிதிகள் காந்தியின் பக்கம் நின்றார்கள். தலைவருக்கோ அந்தத் திட்டத்தில் முழுச் சம்மதம் இல்லை. 68 வயதிலும் அதை மறைக்காமல் சொன்னார்.

சேலம் நகரசபை, பெயர் பெற்ற இன்னொரு வக்கீலையும் கண்டது. அவர் ராஜாஜி. 1911-ல் உறுப்பினர் ஆகி, 1917-ல் தலைவர் ஆனார்.

1944-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி விஜயராகவாச்சாரியார் காலமானார். வயது 91. சுதந்திரத்துக்கு இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன.

சேலம் நகரசபை இப்போது மாநகராட்சி. 60 வார்டுகள். அவர் பெயரில் நினைவு மண்டபமும் சேலத்தில் உண்டு. அவர் போட்ட வழக்கோ சென்னை ஐகோர்ட்டின் பழைய தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு பக்கம் அவர் பெயர். எதிர்ப்பக்கம் இந்தியா மந்திரி.