ஒரு லட்சமும் ஐந்நூறும்

மஹய்யாவையில் மாலை வேளைகளில் மாணாக்கர் சிலர்க்குத் தமிழ் கற்பிப்பது என் வழக்கம். அண்மையில் நந்தனார் சரித்திரத்தை விளக்கிக் கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் ஒரு வினாவை எழுப்பினான். படத்தில் நடிப்பவர் கோடி கோடியாகப் பெறுகிறார். நாட்டை ஆளும் அமைச்சரின் சம்பளமோ அதன் அருகிலும் வாராது. இது முறையாகுமா என்பது அவன் ஐயம். பாடத்துக்குப் புறம்பான வினா என்றே முதலில் எண்ணினேன். பின்னர், நந்தனாராக நடித்து லட்சம் பெற்ற ஓர் அம்மையாரின் நினைவு வந்தது. அவர் வரலாற்றையே விடையாகக் கூறினேன்.

கொடுமுடி கோகிலம் எனத் தமிழுலகம் போற்றிய கே. பி. சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் வறிய குடும்பத்திற் பிறந்தார். ரயில் வண்டியிற் பாடிய சிறுமியின் குரலே அவருக்கு நாடக மேடையின் கதவைத் திறந்தது என்பர். அக்குரல் கடல் கடந்து நம் இலங்கைக்கும் வந்தது. 1926-இல் கொழும்பில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார், மறு ஆண்டு இருவரும் வாழ்க்கையில் இணைந்தனர். 1933-இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தார். இருபத்தைந்து வயதே நிரம்பிய அம்மையார் வெள்ளாடை பூண்டார். இனி எந்த ஆடவர்க்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதியும் பூண்டார்.

துயரிலிருந்த அவரைப் படமுதலாளி அசன்தாஸ் திரைக்கு அழைத்தார். மறுக்கும் எண்ணத்துடனேயே அவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், முதலாளி அதற்கும் இசைந்ததாகவும் சொல்லப்படுவதுண்டு. 1935-இல் வெளிவந்த பக்த நந்தனாரில் அவர் ஏற்றது ஆண் வேடம். ஆதலின் உறுதியும் குலையவில்லை.

அந்த லட்சத்தின் அளவை அறிய வேண்டுமாயின் அக்கால அமைச்சரின் ஊதியத்தை நோக்குதல் வேண்டும். அரசுப் பணியாளர் எவர்க்கும் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் சம்பளம் பொதுவாகக் கூடாது என்று காங்கிரஸ் 1931-இல் கராச்சியில் தீர்மானித்தது. 1937-இல் சென்னையில் இராஜாஜி அமைத்த அமைச்சரவையினர் அந்த ஐந்நூறையே சம்பளமாகப் பெற்றனர். அம்மையார் ஒரு படத்திற் பெற்றதை ஈட்ட ஓர் அமைச்சர்க்கு இருநூறு மாதங்கள், அதாவது பதினாறு ஆண்டும் எட்டுத் திங்களும் வேண்டும்!

ஆயினும் இவ்விரு தொகைகளும் ஒரே துலாக்கோலில் நிறுக்கத் தக்கன அல்ல. கலைஞரின் பொருள், பாட்டை விரும்பியவர் மனமுவந்து கொடுத்த காசு. அமைச்சரின் சம்பளமோ விரும்பாதவரும் செலுத்தியாக வேண்டிய வரிப்பணம். அதைக் குறைத்துக் கொள்வது ஆள்வோர்க்கு இழிவன்று, அழகேயாகும்.

அம்மையாரும் இதனை உணர்ந்தவர் போலவே வாழ்ந்தார். லட்சம் பெற்ற அதே குரலைச் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் நாட்டுக்காக ஒலிக்கச் செய்தார். 1951-இல் சென்னை மேல்சபை உறுப்பினரானார். திரைக் கலைஞர் ஒருவர் சட்டசபை புகுந்தமைக்கு அது முன்னோடியாயிற்று. ஆயினும் 1953-இல் வந்த ஔவையார்தான் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980-இல் மறைந்தார்.

இவ்வளவும் கேட்ட மாணவன் மேலும் ஒன்று கேட்டான். அப்படியாயின், ஐயா, உண்மை நந்தனார்க்குக் கூலி எவ்வளவு?

நான் வாயடைத்துப் போனேன். கண்டி மாநகரின் வீதிகளைத் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு செய்து வரும் மக்கள் வாழும் இடம் மஹய்யாவ. அவன் தாயும் விடியுமுன் துடைப்பத்துடன் புறப்படுபவள். லட்சத்துக்கும் ஐந்நூறுக்கும் இடையிலுள்ள தூரத்தை நான் கணக்கிட்டேன். ஐந்நூறுக்குக் கீழே இருந்தவரை எண்ணவில்லை. ஆண்டையின் வயலில் உழைத்து, தில்லை செல்லவும் அனுமதிக்காகக் கெஞ்சி நின்றவர் அக்கதையின் நாயகர். அவராக நடித்தவர் பெற்றது லட்சம். அவர் வழியினர்க்கு உரிய கூலி எது என்பதே விடை காண வேண்டிய வினா. அன்று ஆசிரியன் நானல்லன், அவனே.