அறுபது இராத்தல் சுமை

நெடுவழி செல்பவன் எவற்றைச் சுமந்து செல்கிறான் என்பதைக் கொண்டே அவன் நெஞ்சை ஓரளவு அறிந்துவிடலாம். நம் ஆற்றுப்படை நூல்களில் வரும் பாணர்கள் பசியால் வாடியவர்கள், கிழிந்த ஆடையினர். ஆயினும் யாழும் முழவும் உறையிலிடப்பெற்று அவர்தம் தோளில் தொங்குகின்றன. உணவு இல்லாத நிலையிலும் கீழே வைக்க மனம் வராத அந்தப் பைதான் அவர்கள் யார் என்பதற்குச் சான்று. செல்வமும் அதிகாரமும் புகழும் ஒருங்கே பெற்ற ஒருவர் தம் ஐம்பதாம் வயதில் ஆப்பிரிக்கக் கானகத்திற்கு முதன்முறையாக வேட்டைப் பயணம் புறப்பட்டபோது கட்டிய மூட்டைகளை இங்கே அவிழ்த்துக் காண்போம். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 26ஆவது குடியரசுத் தலைவராய் விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட்.

1858ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நியூயார்க் நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். இளமையில் ஈளைநோய் அவரை வாட்டியது. மூச்சுக்குத் திணறும் மகனைத் தந்தை தோளில் சுமந்து அறைக்குள் உலவிய இரவுகள் பல. ஓடியாட இயலாத சிறுவனுக்கு நூல்களும் உயிரினங்களுமே தோழமை தந்தன. ஏழு வயதளவில், கடைத்தெருவில் கிடந்த சீல் என்னும் கடல்விலங்கின் மண்டையோட்டைப் பெற்றுவந்து, வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினான் அச்சிறுவன். தந்தையோ 1869இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை நிறுவிய பெருமக்களுள் ஒருவர். எனவே அந்த ஆர்வம் வீட்டில் எவர்க்கும் விளையாட்டாகத் தோன்றவில்லை. பறவைகளின் தோலுரித்துப் பாடம் செய்யும் கலையை முறையாகக் கற்க ஏற்பாடு ஆயிற்று. பதின்மூன்றாம் வயதில் துப்பாக்கியும் கைக்கு வந்தது. தோழர்கள் குறிபார்த்துச் சுடும் பொருள்கள் தன் கண்ணுக்குப் புலப்படவே இல்லை என்பதை அப்போதுதான் அவன் உணர்ந்தான். மூக்குக் கண்ணாடி அணிந்த பின்னரே உலகம் அவனுக்குத் தெளிவாயிற்று. அந்தக் கண்ணாடியோடு அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பெற்றோருடன் நைல் நதியில் படகேறிச் சென்று, எகிப்து நாட்டுப் பறவைகளைச் சேகரித்தான். ஆப்பிரிக்க மண்ணை அவன் மிதித்தது அன்றுதான். உயிரினத்தை அறிய விரும்புவதும் அதனைக் கொல்வதும் ஒரே செயலின் இரு கூறுகளாக அவனுள் வேர்கொண்ட காலமும் அதுவே.

1884ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், தாயும் இளம் மனைவியும் ஒரே வீட்டில் ஒரே நாளில் உயிர்நீத்தனர். பிறந்து இரண்டே நாளான பெண்மகவைத் தமக்கையிடம் ஒப்படைத்துவிட்டு, டகோட்டாவின் வறண்ட நிலப்பரப்புக்குச் சென்று மாடு மேய்ப்பவராய் வாழ்ந்தார் ரூஸ்வெல்ட். துயரத்திற்கு மருந்தாக அவர் கண்டறிந்தது வெட்டவெளி. அங்கே எருமைக் கூட்டங்கள் கண்ணெதிரே அருகி வருவதைக் கண்ணுற்றார். வேட்டைக்காரராகவே இருந்த அவர், 1887இல் விலங்குகளைக் காக்கும் நோக்கோடு வேட்டைக்காரர்களையே உறுப்பினராகக் கொண்ட ஒரு கழகத்தையும் நிறுவினார். 1901இல் மெக்கின்லி கொலையுண்டதால் நாட்டின் தலைமை அவரிடம் வந்தது. பதவியிலிருந்த ஏழரை ஆண்டுகளில் ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் நிலத்தைக் காடுகளாகவும் பறவைப் புகலிடங்களாகவும் பூங்காக்களாகவும் காத்து வைத்தார். 1906இல் அமைதிக்கான நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது.

1908இல் மீண்டும் தேர்தலில் நிற்பதில்லை என்னும் தம் உறுதிமொழியை அவர் காத்தார். அடுத்து வரும் டாஃப்ட் தம் நிழல் படாமல் ஆட்சி நடத்த வேண்டுமென்றால் தாம் தொலைவில் இருப்பதே முறை என்று கருதினார். அதனினும் ஆழமான காரணம் ஒன்றும் இருந்தது. ஓயாத செயலே மூச்சாகக் கொண்ட ஒருவருக்கு, அதிகாரம் நீங்கிய மறுநாள் காலையில் என்ன செய்வது என்பது அச்சம் தரும் கேள்வி. அந்த வெறுமையைத் திட்டமிட்டு நிரப்பத் தொடங்கினார். பதவியின் இறுதி ஆண்டு முழுவதும் வெள்ளை மாளிகையிலிருந்து ஆப்பிரிக்கக் காடுகளை அறிந்தவர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. புகழ்பெற்ற வேட்டைக்காரர் செலூசும், விலங்குகளின் பாதுகாப்பில் முனைந்திருந்த ஆங்கிலேயர் பக்ஸ்டனும், சாவோ ஆற்றங்கரைச் சிங்கங்களை வீழ்த்திய பாட்டர்சனும் அவருக்கு வழி சொன்னார்கள். எந்தத் திங்களில் மழை, எந்தச் சமவெளியில் எந்த விலங்கு, எத்தனை குதிரை, எத்தகைய கூடாரம் என ஒவ்வொன்றையும் கேட்டறிந்தார்.

வெறும் வேட்டையாக அப்பயணம் அமைவதை அவர் விரும்பவில்லை. 1908 ஜூன் திங்களில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர் வால்காட்டிற்கு எழுதித் தம் திட்டத்தை முன்வைத்தார். தாமும் தம் மகன் கெர்மிட்டும் சுடும் விலங்குகளைத் தேசிய அருங்காட்சியகத்திற்கே அளிப்பதாகவும், அவற்றைப் பாடம் செய்ய வல்லுநர்களை நிறுவனம் அனுப்ப வேண்டுமென்றும் கேட்டார். அவ்வாறே படை மருத்துவராயிருந்து ஓய்வுபெற்ற பறவையியலார் மெர்ன்ஸ், விலங்கியலார்களான ஹெல்லர், லோரிங் ஆகிய மூவர் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கான செலவைக் கார்னகி முதலிய செல்வர்கள் ஏற்றனர். தமக்கும் மகனுக்குமான செலவை ரூஸ்வெல்ட் தம் எழுத்தால் ஈட்டினார். ஸ்கிரிப்னர்ஸ் இதழுக்குப் பயணக் கட்டுரைகள் எழுதித்தர 50,000 டாலர் பேசப்பட்டது. ஆகவே, அழியாத மையுடைய பென்சில்களும் படியெடுக்கும் கரித்தாள்களும் பயண மூட்டையில் முதலிடம் பெற்றன. பகல் முழுதும் வேட்டையாடிய கை, மாலையில் கூடாரத்தின் முன் அமர்ந்து எழுதியாக வேண்டும்.

மூட்டைகளின் கணக்கைச் சற்று நோக்குவோம். துப்பாக்கிகளில் முதன்மையானவை மூன்று: படைவீரர் பயன்படுத்தும் ஸ்பிரிங்ஃபீல்டு, வின்செஸ்டர், யானைக்கும் காண்டாமிருகத்திற்குமெனக் கனத்த இரட்டைக்குழல் ஹாலந்து. இம்மூன்றாவது, ஆங்கில நாட்டு அன்பர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கூடி வழங்கிய பரிசு. குத்துச்சண்டை வீரர் சல்லிவன் நற்பேறு வேண்டிக் கொடுத்த, பொன்பூண் இட்ட முயற்கால் ஒன்றும் உடன் சென்றது. வெள்ளை மாளிகையில் ஒருநாள் குத்துச்சண்டைப் பயிற்சியின்போது பட்ட அடியால் அவருடைய இடக்கண்ணின் பார்வை மங்கிப் போயிருந்தது. எஞ்சிய கண்ணுக்கும் கண்ணாடி இன்றியமையாதது. கண்ணாடி உடைந்தால் சீறிவரும் சிங்கத்தின் முன் அவர் குருடர். எனவே மாற்றுக் கண்ணாடிகள் பல வெவ்வேறு பைகளில் பிரித்து வைக்கப்பட்டன.

காக்கி உடைகள், வெயிலுக்குத் தொப்பி, ஆணியடித்த காலணிகள், ஓசையின்றி நடக்க ரப்பர் அடியுள்ள காலணிகள், கொசுவலை, கையுறை, கூடாரங்கள், மருந்துகள், சிறு விலங்குகளைப் பிடிக்கப் பொறிகள் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றினும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொண்டது உப்பு. வெப்பநாட்டில் உரித்த தோல் ஓரிரு நாளில் அழுகிவிடும். உப்பே அதனைக் காக்கும். நான்கு டன் உப்பு கொண்டு செல்லப்பட்டது. ஒரு சுமையாளின் தலைச்சுமை அறுபது இராத்தல் என்பது அந்நாட்டு வழக்கம். அக்கணக்கில் உப்பு மட்டுமே 130க்கும் மேற்பட்ட சுமைகள். உணவுப் பெட்டிகளிலோ, வழக்கமான பண்டங்களோடு பாஸ்டன் அவரை, கலிபோர்னியா பீச் பழம், தக்காளி ஆகியவற்றை அடைத்த தகரக் குவளைகள் சிலவற்றையும் வைக்கச் சொன்னார். டகோட்டாவில் மாடு மேய்த்த நாட்களின் நினைவுக்காக அவை சென்றன. ஒருகாலத்தில் துயரத்தை ஆற்றிய மண்ணின் சுவையைப் புதிய காட்டிற்கும் அவர் எடுத்துச்செல்ல விழைந்தார் போலும்.

கவிஞர் பெருமக்களாகிய நம்மை நின்று நோக்கச் செய்வது மற்றொரு பெட்டி. அலுமினியமும் எண்ணெய்த் துணியும் கொண்டு செய்த இலேசான பெட்டி அது; அதனுள் ஏறத்தாழ அறுபது நூல்கள். தங்கை கொரின் அளித்த பரிசு இது. அளவில் சிறிதாக்கி, ஓரங்களை வெட்டி, பன்றித்தோலால் கட்டுமானம் செய்யப்பெற்றமையால் பன்றித்தோல் நூலகம் என்றே அது பெயர் பெற்றது. ஓமரின் இரு காவியங்கள், தாந்தேயின் நரகம், ஸ்பென்சர், மார்லோ, ஷேக்ஸ்பியர், மில்டன், கீட்ஸ், ஷெல்லி, டென்னிசன், பிரவுனிங், எமர்சன், போ, பழைய பிரெஞ்சு, ஜெர்மானிய வீரகாவியங்கள், யூரிபிடீசின் நாடகங்கள், விவிலியம், மார்க் ட்வைனின் சிறுவர் கதைகள் என அதில் கவிதைக்கே பெரும்பங்கு. இப்பெட்டி முழுவதும் சேர்ந்து ஒரு சுமையாளின் சுமைக்கு உட்பட்டே இருக்குமாறு அமைத்தனர். தேர்வு தம் மனப்போக்கை ஒட்டியதே, பிறர்க்கு அது விதியாகாது என்றும் பின்னாளில் அவர் எழுதினார்.

1909 மார்ச் 4ஆம் நாள் பதவி நீங்கியது. மார்ச் 23ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. ஹார்வர்டு படிப்பை இடையில் நிறுத்தி உடன் வந்த கெர்மிட்டுக்கு வயது 19. புகைப்படம் எடுக்கும் பணி அவனுடையது. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் வேறு கப்பல் மாறி ஏப்ரல் 21ஆம் நாள் மொம்பாசாவில் இறங்கினர். பஞ்சாபிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் சென்ற இந்தியத் தொழிலாளர்களின் உழைப்பால் அமைந்த உகாண்டா ரயில்பாதையில், வண்டியின் முன்புறத்துப் பலகையில் அமர்ந்து, இருபுறமும் மேயும் விலங்குகளைக் கண்டுகொண்டே உள்நாடு சென்றார். கபிட்டி சமவெளி நிலையத்தில் கூடாரங்கள் வரிசையாய் நின்றன. ஏறத்தாழ இருநூறு சுமையாட்கள் காத்திருந்தனர். கனிங்ஹாம், டார்ல்டன் என்போர் வழிநடத்தினர். பக்காரி, முகமது என்னும் துப்பாக்கி ஏந்துவோரும் அலி முதலிய கூடாரப் பணியாளரும் அவருடைய அன்றாட வாழ்வைத் தாங்கினர். அந்நெடும்பயணத்தின் பாரம் முழுவதும் இவர்களுடைய தலைகளின்மேல்தான் நகர்ந்தது.

நூல்களில் ஒன்று எப்போதும் சேணப்பையிலோ தோட்டாப் பையிலோ இருந்தது. நண்பகலில் மரநிழலில் இளைப்பாறும்போதும், கூடாரம் அடிக்கும் வரை காத்திருக்கும்போதும், தாம் வீழ்த்திய விலங்கின் உடல் அருகிலேயே அமர்ந்தும் அவர் படித்தார். கைகழுவவும் நீர் கிடைக்காத இடங்கள் பல. குருதியும் வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் புழுதியும் சாம்பலும் ஏடுகளில் படிந்தன. வேறு கட்டுமானமாயின் சிதைந்திருக்கும். பன்றித்தோலோ, நாளும் பழகிய சேணம்போல் மெருகேறியதாக அவரே குறித்துள்ளார். காவியத்தின் வீரமரணத்தைப் படிக்கும் கண்ணுக்கு அருகே உண்மையான குருதி உலர்ந்துகொண்டிருந்தது. இவ்விரண்டையும் ஒரே கையால் தொட அவருக்குக் கூசவில்லை. அவரை வியப்போரும் வெறுப்போரும் தத்தமக்குரிய சான்றைக் காண்பது இந்த இடத்தில்தான்.

1910 மார்ச் 14ஆம் நாள் கார்ட்டூம் நகரில் பயணம் முடிந்தபோது தந்தையும் மகனும் வீழ்த்திய பெருவிலங்குகள் 512. தந்தை 296, மகன் 216. சிறியனவும் பறவை, மீன், ஊர்வன முதலியனவும் சேர்த்து அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தவை 11,000க்கும் மேல். அருங்காட்சியகத்திற்கும் உணவுக்குமன்றி வீணே சுடவில்லை என்றும், சுட்டிருக்கக் கூடியவற்றில் நூற்றில் ஒரு பங்கைக்கூடச் சுடவில்லை என்றும் அவர் வாதிட்டார். அவ்விளக்கத்தில் உண்மை உண்டு. அந்த உயிர்த்தொகுதியைக் கொண்டு அறிவியலார் நெடுங்காலம் ஆய்ந்தனர். ஆனால் நைல் நதியின் மேற்குக் கரையில், லாடோ பகுதியில், அரிய விலங்கென்று அறிந்தே தேடிச் சென்று வீழ்த்திய வெள்ளைக் காண்டாமிருகங்கள் ஒன்பது. அவ்வடபுல இனத்தின் கடைசி ஆண் 2018 மார்ச் திங்களில் கென்யாவில் இறந்தது. அன்று எஞ்சியவை இரண்டு பெண் விலங்குகளே. அவ்வினம் அழிய முதற்காரணம் பிற்காலத்துக் கொம்புத் திருட்டும் போர்களுமே. ஒன்பது குண்டுகளின்மேல் அப்பழி முழுவதையும் சுமத்துவது நீதியாகாது. எனினும், 23 கோடி ஏக்கரைக் காத்த அதே கைதான் அந்த விசையையும் அழுத்தியது என்பதை மறைத்து அவர் வாழ்க்கையை எழுத இயலாது.

அதன் பின்னும் அவர் ஓயவில்லை. 1912இல் மீண்டும் தேர்தலில் நின்று தோற்றார். 1914இல் பிரேசில் நாட்டின் அறியப்படாத ஆறொன்றில் காய்ச்சலாலும் காலிற்பட்ட காயத்தாலும் சாவின் விளிம்பைத் தொட்டபோது, தம்மை விட்டுச் செல்லுமாறு வேண்டினார். கெர்மிட் அதற்கு இணங்கவில்லை. 1918இல் இளைய மகன் குவென்டின் பிரான்சு நாட்டு வான்போரில் மாண்டான். ஆறு திங்கள் கழிய, 1919 ஜனவரி 6ஆம் நாள், தம் இல்லத்தில் உறக்கத்திலேயே ரூஸ்வெல்ட் உயிர்நீத்தார். அகவை அறுபது.

அன்று கட்டிய மூட்டைகளுள் உணவு உண்ணப்பட்டது, உப்பு தோல்களில் கரைந்தது, தோட்டாக்கள் தீர்ந்தன. தோல்களும் எலும்புகளும் வாஷிங்டன் சென்று எண்ணிடப்பட்டன. கறைபடிந்த பன்றித்தோல் நூல்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றன. கீட்சும் ஓமரும் அவற்றில் இன்றும் பேசுவர். பக்கத்தைத் திறக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே. கவிதையை அத்துணை அருமையாய்ச் சுமந்த ஒருவர்க்கும் அது துப்பாக்கியைக் கீழே வைக்கக் கற்றுத்தரவில்லை. கவிதையால் மாந்தர் உள்ளம் கனியும் என்று நம்பி எழுதும் நம் வட்டத்தார் அனைவரும் அந்தப் பெட்டியின் எடையை ஒருமுறை தம் கையால் தூக்கிப் பார்ப்பது நன்று.