பாப்பின் கண்ட கலம்

அடுக்களைக்குப் புதிதாகக் கலம் வாங்கப் புகுவோர் சட்டி, தாச்சி, அகப்பை என்பவற்றை அதிகம் எண்ணிப் பாராமலே வாங்கிவிடுவர். பிறெஷர் குக்கரின் முன் வந்தவுடன் கை தயங்கும். விலையைக் கேட்பர், மூடியைத் திறந்து பார்ப்பர், மறுமாதம் பார்ப்போம் என்று மீள்வாரும் உளர். அடுப்பின்மேல் ஏறுங் கலங்களுள் இல்லத்தார் பெரும்பொருள் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இதுவேயாம். இதனை முதன்முதல் ஆக்கியவரோ செலவைக் குறைத்தற்பொருட்டே ஆக்கினார். அவர் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

டெனிஸ் பாப்பின் 1647ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் புளுவா நகரின் அயலிலே புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றிற் பிறந்தார். மருத்துவங் கற்று 1669இற் பட்டமும் பெற்றார். ஆயினும் அவர் மனம் நோயாளரிடத்துச் செல்லவில்லை. காற்றையும் வெற்றிடத்தையும் ஆராய்வதிலேயே சென்றது. பாரிசில் ஹைகன்ஸ் என்னும் பேரறிஞருக்குத் துணையாயிருந்தார். 1675இல் இலண்டன் சேர்ந்து றொபேட் பொயிலின் ஆய்வுகளிலே உதவினார். றோயல் சொசைட்டி எனப்படும் வேத்தியற் கழகத்துக்காகக் கடிதம் எழுதும் வேலை 1679இற் கிடைத்தது. கடிதம் ஒன்றுக்குப் பதினெட்டுப் பென்சு கூலி. அவ்வாண்டிலேதான் தாம் ஆக்கிய கலத்தை அக்கழகத்தார்முன் கொணர்ந்து காட்டினார்.

அக்கலத்தின் நுட்பத்தைச் சிறிது விளக்கல் வேண்டும். திறந்த பாத்திரத்தில் உள்ள நீரை எத்துணை எரித்தாலும் அது கொதிநிலைக்கு மேற் சூடேறாது. மிகுதியான வெப்பமெல்லாம் ஆவியோடு போய்விடும். கொதிநிலையோ நீரை மேலிருந்து அமுக்குங் காற்றைப் பொறுத்தது. நுவரெலியாவில் ஆசிரியப்பணி புரிந்தோரைக் கேளுங்கள். பருப்பு அவியாத கதையைச் சொல்வார்கள். கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர் அம்மலையில் ஏறக்குறைய 94 பாகையிலே கொதித்துவிடும். காற்றின் அமுக்கம் அங்குக் குறைவு. பாப்பின் செய்தது இதன் மறுதலை. ஆவியைப் போகவிடாது அடைத்தார். அடைபட்ட ஆவி நீரை அமுக்கிற்று. நீரும் தன் எல்லையைக் கடந்து சூடேறிற்று. இக்காலக் குக்கர்களில் அச்சூடு ஏறக்குறைய 120 பாகை வரை செல்லும்.

தடித்த உலோகத்தாலான உருளை. அதன் மூடியைத் திருகாணி இறுக்கும். இங்ஙனம் அடைத்த கலம் வெடியாதிருப்பது எங்ஙனம்? மூடியில் ஒரு சிறுதுளையிட்டு, அதனை ஓர் அடைப்பினால் மூடி, அடைப்பின்மேல் ஒரு நெம்புகோலை வைத்து, கோலின் நுனியில் நிறையொன்றைத் தூக்கினார். ஆவி அளவுக்கு மிஞ்சினால் நிறையையும் உயர்த்திக்கொண்டு வெளியேறும். இன்று நம் வீடுகளிற் கூவுகின்ற குக்கர்க்குண்டு இதன் வழித்தோன்றலே. பருப்புக்கு மூன்று கூவல், கடலைக்கு ஐந்து என்று நம் பெண்கள் கணக்கு வைத்திருக்கின்றனர் அல்லரா? பாப்பினும் ஒரு கணக்கு வைத்திருந்தார். மூடியின்மேல் ஒரு துளி நீரை விடுவார். அத்துளி வற்றுதற்குள் ஊசற்குண்டு எத்தனை முறை ஆடுகின்றது என்று எண்ணுவார். உள்ளே உள்ள சூட்டை அறிதற்கு அவர் கொண்ட வழி அது.

கலத்துக்கு அவர் இட்ட பெயர் டைஜெஸ்ரர். சமிபாடு செய்வது என்பது பொருள். வடமொழியிலும் பாகம் என்னுஞ் சொல் சமைத்தலையும் வயிற்றிற் சமித்தலையும் ஒருங்கே குறிப்பதை நோக்குக. பல் செய்யவேண்டிய வேலையை இக்கலமே செய்து முடித்தது. எறியப்படும் எலும்பு பாகாய் உருகியது; முதிர்ந்த மாட்டின் வன்றசை இளந்தசைபோற் குழைந்தது. மரக்கறி உண்ணும் வாசகர் முகஞ் சுளியாதிருப்பாராக. அந்நாட்டு உணவு அது.

1681இல் இக்கலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் நீண்ட தலைப்பே என்னைப் பெரிதும் ஈர்த்தது. சமையல், கடற்பிரயாணம், இனிப்புவகை, குடிவகை, இரசாயனம், சாயமிடுதல் என்பவற்றுக்கு இது பயன்படுமாற்றைச் சொல்வதோடு, நல்ல பெருங்கலமொன்றுக்கு எவ்வளவு பணஞ் செல்லும், அதனால் எவ்வளவு ஆதாயம் வரும் என்பதையும் உரைப்பதாகத் தலைப்பிலேயே கூறியிருக்கின்றார். விஞ்ஞானி ஒருவர் தம் நூல்முகப்பில் விலையையும் ஆதாயத்தையும் வைப்பது அருமை. வாங்குவோர் உள்ளத்தை அவர் அறிந்திருந்தார். இன்ன இறைச்சிக்கு இவ்வளவு கரி என்று நிறுத்து நிறுத்து எழுதினார். கலத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பொருளை விறகும் எலும்பும் நாள்தோறும் திருப்பித் தரும் என்பது அவர் துணிபு.

1682 ஏப்பிரலில் வேத்தியற் கழகத்தார் சிலர் இக்கலத்தில் ஆக்கிய இராவுணவை உண்டனர். அவர்களுள் ஒருவரான யோன் ஈவிலின் தம் நாட்குறிப்பில் அதனைப் பதிந்துள்ளார். மீனும் இறைச்சியும் புறாவும் பரிமாறப்பட்டன. வன்மையான எலும்பும் பாற்கட்டிபோல் மெதுவாயிருந்தது. செலவான கரி எட்டு அவுன்சுக்குங் குறைவு.

அறிஞர் சுவைத்த இக்கலம் வீடுகளிற் புகுவதற்கு இருநூறு ஆண்டுக்கு மேற் சென்றது. திருகாணியும் தடித்த உலோகமுமாய்க் கொல்லன் பட்டறையில் ஆகுங் கலம் எளிய குடும்பத்துக்கு எட்டுவதன்று. வெடிக்கும் என்ற அச்சமும் உண்டு. இவையே காரணம் என்பது என் கருத்து.

பாப்பினின் பிற்காலம் துன்பம் மிக்கது. சிலகாலம் வெனிசில் வாழ்ந்து 1684இல் இலண்டன் மீண்டார். ஆண்டுக்கு முப்பது பவுண் ஊதியத்தில் வேத்தியற் கழகத்திற் பரிசோதனைகள் செய்தார். 1685இற் பதினான்காம் லூயி மன்னன் புரட்டஸ்தாந்தருக்கு உரிமை வழங்கிய நாந்துச் சாசனத்தை நீக்கினான். தாய்நாடு திரும்பும் வழி அடைபட்டது. பின்பு ஜெர்மனியில் மார்பேக் நகரிற் கணிதப் பேராசிரியரானார். 1690இல் ஒரு குழாயினுள் ஆடுதண்டை ஆவியினால் உயர்த்தி, ஆவி குளிர்ந்தபின் காற்றின் அமுக்கத்தால் தாழ்த்தும் பொறியை விளக்கி எழுதினார். சமையற்கலத்தின் மூடியைத் தூக்கிய வலியே ஈண்டு ஆடுதண்டைத் தூக்கியது. 1712இல் நியூகொமன் ஆவியியந்திரத்தை இயக்கிப் புகழ்பெற்றார்.

1707இல் பாப்பின் சக்கரங்கள் பூட்டிய படகொன்றிற் காசல் நகரினின்றும் புல்டா ஆற்றின் வழியே புறப்பட்டார். அது ஆவிப்படகு என்று பலர் எழுதுவர். அன்று, கைவலியாற் செல்வதே. மூண்டன் என்னுமிடத்தில் ஓடக்காரர் தம் பிழைப்புக்கு இடையூறென்று அதனை உடைத்தெறிந்தனர். அவ்வாண்டிலேயே அவர் இலண்டன் சேர்ந்தார். அங்குப் பழைய நண்பர் பலர் இலர். கழகத்துக்கு நியூற்றன் தலைவர். ஆய்வுக்குச் சிறுபொருள் வேண்டி மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். வாசிக்கப்பட்ட தம் கட்டுரைகள் கழகப் பதிவேட்டிற் குறிக்கப்படாததை முறையிட்டு, 1712 சனவரியிற் கழகச் செயலாளர் ஹான்ஸ் சுலோனுக்கு எழுதியதே நமக்குக் கிடைக்கும் இறுதிக் கடிதம்.

அதன்பின் அவர் எங்கே மறைந்தார் என்பது தெரியாது என்றே முந்நூறு ஆண்டுகளாக நூல்கள் முடிந்துவந்தன. 2016இல் இலண்டன் ஆவணங்களிடையே ஒரு வரி கண்டெடுக்கப்பட்டது. 1713 ஆகஸ்து 26ஆம் நாள் பிளீற் வீதியிலுள்ள செயின்ற் பிறைட்ஸ் தேவாலயத்துக்குரிய நிலத்தில் டெனிஸ் பாப்பின் என்பார் அடக்கஞ் செய்யப்பட்டார் என்பது அவ்வரியின் செய்தி.