பாப்பான் வீட்டில் ஒளிந்திருந்த வானொலி: சிபில் கார்த்திகேசுவின் வாழ்க்கை

ஜப்பானிய நிர்வாகம் சிபில் கார்த்திகேசு மீது மூன்று குற்றங்களைச் சுமத்தியது. உளவு பார்த்தது ஒன்று. காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவம் செய்தது இரண்டாவது. வானொலிப் பெட்டி வைத்திருந்து, எதிரியின் ஒலிபரப்பைக் கேட்டு, எதிரியின் பிரச்சாரத்தைப் பரப்பியது மூன்றாவது. கிடைத்த தண்டனை ஆயுள் சிறை.

பெயரைப் பார்த்து அவரைத் தமிழ்ப் பெண் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவர் 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் ஐரிஷ் யூரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கந்தோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். 1919இல் தைப்பிங்கைச் சேர்ந்த தமிழ் மருத்துவர் ஆறுமுகம் கணபதிப்பிள்ளையைக் கோலாலம்பூர் தேவாலயத்தில் மணந்தார். மாப்பிள்ளை இந்து, பெண் கத்தோலிக்கர் என்பதால் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. திருமணத்திற்காக மருத்துவர் தம் பெயரை அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு என மாற்றிக்கொண்டார். 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில், அதாவது இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், இருவரும் கிளினிக் நடத்தினர்.

1941 டிசம்பரில் போர் மலாயாவுக்குள் நுழைந்தது. மக்களுக்கு அப்போது கிடைத்த செய்திகளும் முழு உண்மையாக இல்லை. ஜப்பானியப் படை வடக்கிலிருந்து வேகமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் அறிக்கைகள் பின்வாங்கலைப் பூசி மெழுகின. பினாங்கிலிருந்து ஐரோப்பியர்களை மட்டும் வெளியேற்றிவிட்டு, ஆசிய மக்களைக் குண்டு வீச்சுக்கு நடுவே விட்டுச் சென்றதைச் சிங்கப்பூர் வானொலி நேராகச் சொல்லவில்லை. சொந்தக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்த வானொலியின் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. மாத இறுதியில் ஈப்போவும் விழுந்தது.

கார்த்திகேசு குடும்பம் அருகிலிருந்த பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்கு இடம் மாறியது. மெயின் சாலையில் 74ஆம் எண் வீடு. அதுவே மருந்தகமும் ஆயிற்று.

புதிய ஆட்சியில் பத்திரிகைகள் ஜப்பானியர் கைக்குப் போயின. ஈப்போவில் பேரா டைம்ஸ், சிங்கப்பூரில் சியோனான் டைம்ஸ் என்று ஏடுகள் வந்தன. செய்திகளைத் தந்தது ஜப்பானின் டோமேய் நிறுவனம். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. டோக்கியோ ஒப்புக்கொண்டதோ மூழ்கிய ஒன்றை மட்டும். தன் நாட்டு மக்களிடமே மறைத்தவர்கள் மலாயாவுக்கா உண்மையைச் சொல்வார்கள்? வெளிநாட்டு ஒலிபரப்பு கேட்காதபடி வானொலிப் பெட்டிகளில் சிற்றலையை அடைத்தார்கள். மீறிக் கேட்டவர்களைப் பிடித்துப் போனார்கள்.

செய்தி இல்லாததன் விலையை ரப்பர் தோட்டத்து மக்கள் உயிரால் கொடுத்தார்கள். ஏற்றுமதி நின்று, பால்மரம் சீவும் வேலை போய், லயங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறாகிவிட்ட நேரம் அது. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, நல்ல சம்பளம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற அறிவிப்பு வந்தது. நம்பிப் போனவர்களும் உண்டு, லாரியில் பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. பல்லாயிரம் பேர் போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அங்கே எத்தனை பேர் மடிந்தார்கள் என்பது அந்நாளைய பத்திரிகைகளில் வர இடமே இல்லை. அப்பா எங்கே என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் பேரா தோட்டங்களில் நிறைய.

பாப்பான் வீட்டில் சிபில் ஒளித்து வைத்திருந்த சிற்றலை வானொலிக்கு ஜோசபின் என்று செல்லப் பெயர். இரவில் பிபிசி கேட்டு, அந்தச் செய்தியை நம்பகமானவர்களுக்கும் காட்டில் இருந்த போராளிகளுக்கும் சொல்லி அனுப்பினார். பிபிசியும் போரிட்ட ஒரு தரப்பின் வானொலிதான், அதுவும் தனக்கு வேண்டியதைத்தான் அழுத்திச் சொன்னது. ஆனால் ஒரே குரல் மட்டும் ஒலித்த ஊரில் இரண்டாவது குரல் ஒன்று கேட்டால்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். காயம்பட்ட போராளிகளும் இரவில் அதே வீட்டுக்கு வந்தார்கள். கணவரும் மனைவியும் குண்டை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

1943இல் கைது. ஈப்போவில் கெம்பெத்தாயின் சார்ஜண்ட் யோஷிமுரா சிபிலை வதைத்தான். முதுகெலும்பில் ஏற்பட்ட காயத்தால் அவரால் நடக்க முடியாமல் போனது. பெயர்களைச் சொல்ல வைக்க, ஆறேழு வயது இளைய மகள் டானை மரத்தில் கட்டித் தூக்கிக் கீழே தீ மூட்டினார்கள். குழந்தை உயிர் தப்பியது. சிபில் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. பிறகு பத்து காஜா சிறை.

1945இல் ஜப்பான் சரணடைந்த பின் அவர் விடுதலையாகி, சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டன் கொண்டு செல்லப்பட்டார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. யோஷிமுராவுக்குப் போர்க் குற்ற விசாரணையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிகிச்சைக்கு நடுவே தம் நினைவுகளை எழுதி வந்த சிபில், தாடையில் பட்ட பூட்ஸ் உதையின் பழைய காயம் விஷமாகி, 1948 ஜூனில் காலமானார். வயது 48. ஸ்காட்லாந்தின் லானார்க்கில் புதைக்கப்பட்ட உடல் 1949இல் ஈப்போவுக்குத் திரும்பி, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய நோ டிராம் ஆஃப் மெர்சி என்ற நூல் 1954இல்தான் அச்சானது.

ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. பாப்பான் வீடு இப்போது நினைவில்லமாகப் பேணப்படுகிறது.